ஏஜென்சி ஆளா, நேரடி ஆளா: விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு ஆள் தேடும் குடும்பங்கள் சம்பளம் கேட்கும், குணம் விசாரிக்கும். குளியலறையில் அம்மாவைத் தூக்கும்போது பார்த்துக்கொள்ள வந்த பெண் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் செலவு யாருடையது என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும், "ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

முதலில் நேரடியாக வைத்துக்கொள்ளும் ஆள். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவரும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் வீட்டுப் பணியாளர்தான். 'கொய்டா' எனப்படும் 1993ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இவர்களை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. பிரிட்டோரியாவில் ஒரே குடும்பத்திடம் 22 ஆண்டுகள் உழைத்த, பார்வை குன்றிய மரியா மஹ்லாங்கு 2012இல் அந்த வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். மகள் நடத்திய வழக்கில், அப்படி ஒதுக்கியது செல்லாது என்று 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இப்போது வீட்டுக்காரரும் இழப்பீட்டு நிதியத்தில் பதிய வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு ராண்ட்தான். அதற்கு ஈடாக அடிபட்டவருக்கு மருத்துவச் செலவும், வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதமும் கிடைக்கும். நமக்குக் கிடைப்பது அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு: பணியாளர் முதலாளிமீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. பதியாமல் விட்டால் அந்த இழப்பீட்டுத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் யூஐஎஃப் எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவும் உண்டு: அவரிடம் 1 சதவீதம், நம்மிடம் 1 சதவீதம்.

ஏஜென்சியில் இரண்டு வகை. ஆளைக் காட்டிக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலகிவிடுவது ஒன்று. அங்கே முதலாளி நீங்களே. தானே சம்பளம் கொடுத்து ஆளை அனுப்புவது இன்னொன்று. இதில்தான் சூட்சுமம். ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய பணியாளர் அடிபட்டால், வேலை வாங்கிய இடத்தின்மீது வழக்குப் போடலாம், 35ஆம் பிரிவு அந்த இடத்தைக் காக்காது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கனவே சொல்லிவிட்டது. ஈரத் தரையும் தேய்ந்த படிக்கட்டும் உங்களுடையவை. ஏஜென்சிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தக் கதவை அடைக்காது.

ஆனால் அடிபடுவது அம்மாவாக இருந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. நேரடி ஆள் தவறிக் கீழே போட்டால் அவரிடம் கேட்டு வாங்க என்ன இருக்கும்? தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கும் ஏஜென்சியிடம் கேட்கலாம். பாலிசியின் நகலையும், ஏஜென்சி பதிந்து பாக்கியின்றிக் கட்டியிருக்கிறது என்று இழப்பீட்டு நிதியம் கொடுக்கும் 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்' கடிதத்தையும் கையில் வாங்கித் தேதி பாருங்கள். காட்டத் தயங்குகிறவர்களிடம் போக வேண்டாம்.

'சுயதொழில்' என்று எழுதி வாங்கிக்கொள்வதை ஒரு வழியாகவே நான் மதிப்பதில்லை. குறைந்த வருமானக்காரர் நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னபடி வேலை செய்தால் சட்டம் அவரைப் பணியாளர் என்றே அனுமானிக்கும்.

வீட்டுக் காப்பீட்டில் பணியாளருக்கு ஏற்படும் காயம் சேருமா என்பதைத் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய சில வாரங்களுக்கு, தூக்கி இறக்கும் வேலை அதிகம் என்றால் காகிதம் சரியாக உள்ள ஏஜென்சியை எடுப்பேன். ஆண்டுக்கணக்கில் என்றால் நேரடி ஆள், பதிவோடு. டாக்ஸி கிடைக்காத அதிகாலையில் அவரை அழைத்துவரவே காரை எடுத்து நீங்களே ஓட்டினால், காசு வாங்காத அந்தப் பயணத்தில் நேரும் விபத்தும் பணி விபத்தாகவே கணக்காகும். வேலையில் சேரும் நாளுக்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.