லெகோ மெக்கா: நான்கு வருடம் கழித்து எப்படி இருக்கிறது?

2021இல் லெகோ துண்டுகளால் கட்டிய மெக்கா, அதாவது கற்பனைக் கதைகளில் ஆள் ஏறி ஓட்டும் ராட்சத ரோபோவின் பொம்மை இது. உயரம் 30 செ.மீ., ஏறக்குறைய 900 துண்டுகள், எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் செட் வாங்கி, கையேட்டைப் பார்த்துக் கட்டியதல்ல. ஸ்டுடியோ என்ற லெகோ வடிவமைப்பு மென்பொருளில் நானே வடிவமைத்து, துண்டுகளைப் பல இடங்களில் தேடி வாங்கினேன். கடைசித் தவணை சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் பெட்டியில், துணிமணிகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. சொந்தமாக வடிவமைத்துக் கட்டுவதை லெகோ ரசிகர்கள் வட்டாரத்தில் 'மாக்' என்பார்கள். கட்டி முடித்த அன்று எடுத்த படத்தில் எல்லா மாக்கும் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தப் பதிவு.

முதலில் இடுப்பு. முதல் வடிவத்தில் இடுப்புக்குப் பால் ஜாயின்ட் (குழிக்குள் பந்து சுழலும் மூட்டு) போட்டிருந்தேன். எந்தப் பக்கமும் திரும்பும், விதவிதமான போஸ் கிடைக்கும். இரண்டு வாரம் கம்பீரமாக நின்றது. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால், காலை அகட்டி வைத்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது! பால் ஜாயின்ட் உராய்வை மட்டும் நம்பி நிற்கும் சமாசாரம். மேலே இருக்கும் எடை கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த அழுத்த, கால் வழுக்கிக்கொண்டே போகும். திரையில் வடிவமைக்கும்போது எந்த ரோபோவும் விழாது, அதுதான் சிக்கல்.

அப்புறம் கிளிக் ஹிஞ்சுக்கு மாறினேன். இது பல் வைத்த கீல், 'டக் டக்' என்று 22.5 டிகிரிக்கு ஒருமுறை நிற்கும். 2006இல் வந்த எக்ஸோ-ஃபோர்ஸ் என்ற லெகோ தொடரின் ரோபோக்களிலும் இந்த வகைக் கீல்கள் உண்டு. நிற்கும் உறுதிக்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஒரு பல் தள்ளினால் ரோபோ குனிகிறது, ஒரு பல் இழுத்தால் மல்லாக்கச் சாய்கிறது. நடுவில் நிற்க வழியே இல்லை. கடைசியில் கணுக்காலில் மட்டும் பெரிய பால் ஜாயின்ட் வைத்து அந்தச் சாய்வைச் சரிக்கட்டினேன். அன்றிலிருந்து விழவில்லை.

கைகளுக்கு, 2014இல் மிக்ஸெல்ஸ் என்ற லெகோ தொடரோடு வந்த சின்னப் பால் ஜாயின்ட் தாராளமாகப் போதும், கையில் ஒன்றும் கொடுக்காதவரை. நான் ஆசைப்பட்டு 14 செ.மீ. துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தேன். இரண்டே நாளில் முழங்கை தொங்கிவிட்டது. துப்பாக்கியின் உள்ளே இருந்த துண்டுகளை உருவிக் கூடாக்கிய பிறகுதான் கை மறுபடி நிமிர்ந்தது.

நான்கு வருடத்தில் ஒரு துண்டுகூட அசையாத பகுதி மார்புக் கவசம். ஐந்து பிளேட்டை (மெல்லிய தட்டைத் துண்டு) அடுக்கினால் 16 மி.மீ., துண்டின் மேலிருக்கும் குமிழ்களில் இரண்டின் அகலமும் அதே 16 மி.மீ. இந்தக் கணக்கை வைத்துத் துண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பூட்டியிருக்கிறேன். நகம் போகக்கூட இடுக்கு இல்லை.

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதத்தின் உள்ளே பெயர் தெரியாத மலிவு பிரிக்குகளைப் போட்டது முட்டாள்தனம். தூக்கினால் பாதத்தின் பாதி தரையிலேயே நிற்கும். எடை தாங்கும் இடத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. இடது தோளின் வெள்ளைக் கவசம் மஞ்சளானதும் என் தப்புதான். லெகோ துண்டுகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு வெயில் ஆகாது என்று தெரிந்தே ஜன்னலோரம் வைத்தேன்.

தூசிதான் நிரந்தர எதிரி. மேல்நோக்கி இருக்கும் குமிழ்களுக்கு நடுவே படிந்தால் துணியால் துடைக்க முடியாது. பழைய பெயின்ட் பிரஷ் நல்ல பலன் தருகிறது. கழுவுவதென்றால் 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டாம்.

போன பொங்கலுக்கு வந்த அண்ணன் மகன், கையைப் பிடித்து ரோபோவைத் தூக்கினான். கை மட்டும் வந்தது. வீடே அமைதியாகிவிட்டது. அவன் மட்டும் பதறாமல், "சித்தப்பா, உடையல, கழன்டுதான் வந்திருக்கு" என்றான். அவன் சொன்னதுதான் சரி. இரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டோம்.

இப்போது அடுத்ததை ஆரம்பித்திருக்கிறேன், 22 செ.மீ.தான். தலையும் மார்பும் இன்னும் கட்டவில்லை. இடுப்பும் கால்களும் மட்டும், மேலே அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டைச் சுமந்துகொண்டு ஒரு மாதமாக அலமாரியில் நிற்கின்றன.