ஐஎஸ்ஓ வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆலோசகரிடம் கவனம்

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் எங்கள் பட்டறைக்கு, தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் பெற்றுத் தருவதாகச் சொன்ன ஆலோசகர் ஒருவர், வேலை தொடங்கும் முன்பே முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, எங்கள் வாடிக்கையாளர் ஏற்க மறுத்த ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"நீங்க எதுக்குங்க அலையறீங்க, ஆடிட்டரும் நம்ம ஆளுதானுங்க" என்றார். கேட்க இதமான அந்தப் பேச்சில்தான் மோசடியே இருந்தது. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் நேரடியாகச் சான்றிதழ் தருவதில்லை; தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள் தணிக்கை செய்து தருகின்றன, அந்த நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிக்க இந்தியாவில் என்ஏபிசிபி என்ற அங்கீகார அமைப்பு இருக்கிறது. ஆலோசனை சொன்னவரே சான்றும் அளிக்கக் கூடாது என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி. எங்களுக்கு வந்த சான்றிதழில் எந்த அங்கீகார அமைப்பின் முத்திரையும் இல்லை. அதை வழங்கிய நிறுவனத்தின் முகவரியும் ஆலோசகரின் அலுவலக முகவரியும் ஒன்றாகவே இருந்தன.

அவர் தயாரித்துக் கொடுத்த தரக் கையேடு அதைவிட மோசம். அதைப் புரட்டிய வாடிக்கையாளரின் ஆய்வாளர், 'நூல் கிடங்கின் ஈரப்பதத்தைப் பதிவு செய்தல்' என்ற பக்கத்தில் நிறுத்தி, "இங்க நூல் எங்கங்க இருக்குது?" என்று கேட்டார். ஏதோ ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பட்டறையே தன் வேலைமுறையைச் சோதித்துக்கொள்ளும் உள்தணிக்கை நாள் முழுவதும் நடந்ததாகப் பதிவு செய்திருந்த தேதி ஆயுத பூஜை. லேத்துகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, மதியத்துக்குள் பட்டறையைப் பூட்டிவிடும் நாளில் யார் யாரைத் தணிக்கை செய்தார்களோ தெரியவில்லை. ஆய்வகப் படியே மிதிக்காத எங்கள் மைக்ரோமீட்டர்களுக்கு அளவுத்திருத்தம் (காலிப்ரேஷன்) முடிந்ததாக ஒரு பட்டியல் வேறு.

இப்போது வேறொருவரை அமர்த்தியிருக்கிறோம். சான்றளிப்பு நிறுவனத்தை நாங்களே தேர்ந்தெடுத்து, அதனுடன் தனி ஒப்பந்தம் போட்டு, கட்டணத்தை நேரடியாகச் செலுத்துகிறோம். நடைமுறைகளை எங்கள் சூப்பர்வைசருடன் மெஷின் பக்கத்தில் நின்று எழுதினால் ஒரு தவணை, உள்தணிக்கையும், நிர்வாகமே உட்கார்ந்து முடிவுகளை அலசும் மேலாண்மைப் பரிசீலனையும் உண்மையாக நடந்தால் ஒரு தவணை, சான்றளிப்பு நிறுவனம் பட்டறைக்கு வந்து செய்யும் இரண்டாம் கட்டத் தணிக்கை முடிந்தால் மீதி என்று ஆலோசகரின் தொகையைப் பிரித்திருக்கிறோம். சான்றிதழ் மூன்றாண்டுக்கு உரியது, இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு என்பதால், அவற்றுக்கும் அவர் வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறோம்.

உங்களிடம் ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால், சான்றிதழ்களைச் சரிபார்க்க உதவும் ஐஏஎஃப் செர்ட்சர்ச் (IAF CertSearch) இணையதளத்தில் நிறுவனப் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால், சான்றிதழில் குறிப்பிட்டுள்ள அங்கீகார அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள். பழைய ஆலோசகர் இப்போது எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம்.