பழைய ரிவால்வரின் நிக்கல் முலாம்: பாலிஷ் போட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது?

முலாம் மங்கியதும் பாலிஷ் டியூபைத் தேடி ஓடாதீர்கள். மங்கலில் வகை உண்டு. மஞ்சளாகவோ பாலாடை படிந்தது போலவோ தெரிந்தால், அது ஈரக்காற்றும் கந்தகப் புகையும் சேர்ந்து நிக்கலின் மேல் உண்டாக்கிய மெல்லிய படலம். தேய்த்தால் போய்விடும். சிலிண்டரின் (குண்டு போடும் சுழல் உருளையின்) முன்முகத்திலுள்ள கருவளையங்கள் வெடிமருந்துக் கரி. அவை பாதிதான் போகும். ஊசிமுனை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது அடியிலிருக்கும் எஃகின் துரு, அதற்கு பாலிஷ் மருந்தல்ல.

துத்தநாகப் பூச்சு தன்னை அரிக்கக் கொடுத்து எஃகைக் காக்கும். நிக்கல் நேர்மாறு. முலாமில் ஒரு துளை விழுந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகுதான் முதலில் அரிபடும், வேகமாகவும் அரிபடும். மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் துரு பரவி முலாம் செதிலாக எழும்புவது இதனால்தான். ஆகவே பாலிஷ் போடுவதில் குறி ஒன்றே: நிக்கலை மெலிய வைக்காமல் படலத்தை மட்டும் எடுப்பது.

குண்டு இல்லையென்று ஒவ்வொரு அறையாகப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிடிப்பலகைகளைக் கழற்றிவிடுங்கள். அவற்றின் அடியில் போகும் பாலிஷ் பேஸ்ட் காய்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்க்ரூ இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள். தலைப்பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாத டிரைவர் பள்ளத்தையும் கெடுக்கும், பக்கத்து முலாமையும் கீறும். பிறகு மினரல் ஸ்பிரிட்டால் (பெயின்ட் கரைக்கும் திரவம்) எண்ணெயைத் துடையுங்கள்.

ஃப்ளிட்ஸ், சிமிக்ரோம் என்ற உலோகப் பாலிஷ் பேஸ்ட்கள் இரண்டுமே இந்த வேலைக்குப் போதும். சிலிண்டர் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். மென்மையான பருத்தித் துணியை விரலில் சுற்றி, சிறு பகுதியாக, லேசாகத் தேயுங்கள். துணி கருப்பாவதைக் கண்டு 'இன்னும் அழுக்கு இருக்கிறது' என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுத்தமான நிக்கலைத் தேய்த்தாலும் துணி கருக்கும், ஏனென்றால் உலோகமே கொஞ்சம் வருகிறது. துணியைப் பார்த்தல்ல, பிரதிபலிப்பைப் பார்த்து நிறுத்துங்கள்.

மோட்டார் சக்கரமும் ஸ்டீல் வூலும் வேண்டவே வேண்டாம். சிலிண்டர் பள்ளங்களின் விளிம்பு, பேரல் வாய், முத்திரை எழுத்துகளின் ஓரம், இங்கெல்லாம் முதலில் எஃகு வெளியே வரும். எழுத்துகள் மழுங்கினால் மீட்கவே முடியாது. கருவளையத்துக்கு ஈயம் நீக்கும் துணியால் இரண்டு மூன்று முறை லேசாகத் தேய்த்து, மிச்சத்தை விட்டுவிடலாம். அடுத்த முறை சுட்டால் எப்படியும் திரும்பி வரும்!

அதிக நஷ்டம் செய்வது அமோனியா. பேரலின் உட்பக்கத்திலிருந்து செம்பைக் கரைக்கும் திரவங்களிலும் சில பித்தளை பாலிஷ்களிலும் அது இருக்கிறது. சில துப்பாக்கிகளில் நிக்கலுக்கு அடியில் செம்புப் படலம் ஒன்று இருக்கும். விளிம்பில் நுழையும் அமோனியா அந்தச் செம்பைக் கரைத்துவிட, முலாம் கொப்பளம் போல் எழும்பும். செம்பு இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது, அதனால் எல்லாவற்றிலும் இருப்பதாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஹேமர், ட்ரிக்கர் இரண்டும் பல துப்பாக்கிகளில் முலாம் பூசப்படாதவை. வெப்பப் பதப்படுத்தலில் வந்த வண்ணத் திட்டுகள்தான் அவற்றின் அழகு. ஸ்மித் அண்ட் வெஸன் டாப்-பிரேக் (மேல்பக்கம் திறந்து மடங்கும்) ரகங்களில் ட்ரிக்கர் காவல் வளையம் நீலக்கருப்பாகவே வந்திருக்கும். பாலிஷ் அதன் மேல் பட்டால் நிறம் போய்விடும், அசலா மறுமுலாமா என்று சொல்லும் ஒரு சாட்சியும் போய்விடும்.

நீண்ட கால அனுபவத்தில் பாலிஷை விட மெழுகுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ரெனெய்சன்ஸ் என்ற பாதுகாப்பு மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் கழித்துத் துடைத்தால் விரல் ரேகையின் உப்பு நேரே நிக்கலில் படாது. மெழுகு போடாத துப்பாக்கியைக் கையாண்டால் பாலாடை சீக்கிரமே திரும்பும். செதில் எழும்பிய ஓரங்களில் மட்டும் மெழுகுக்குப் பதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுதியை ஒற்றி எடுங்கள். அது இடுக்கில் ஊறி ஈரத்தைத் தள்ளிவைக்கும். அந்த ஓரத்தை நகத்தால் சோதித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், நகத்தோடு செதிலும் வரும்.

தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் பதனிடும் உப்புகளும் அதில் தங்கும் ஈரமும் உறை தொட்ட இடங்களிலெல்லாம் மங்கலைத் திரும்ப வரவழைக்கும். காற்றோடும் துணிப்பையும், சிலிகா ஜெல் பொட்டலமும் போதும்.