ஹோட்டல் பாயின்ட் சேர்ப்பது எங்கே: மேரியட் பான்வாயா, வேர்ல்ட் ஆஃப் ஹயாட்டா?

இரண்டும், தங்கும் செலவுக்குப் பாயின்ட் தந்து, அதை வைத்துப் பிறகு இலவசமாகத் தங்கவிடும் ஹோட்டல் நிறுவனங்களின் உறுப்பினர் திட்டங்கள். ஹோட்டல் எண்ணிக்கையைப் பார்த்தால் போட்டியே இல்லை. மேரியட்டிடம் 9,000க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். ஹயாட்டிடம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. செலவழிக்கும் டாலருக்கு மேரியட்டின் பெரும்பாலான ஹோட்டல்களில் 10 பாயின்ட், ஹயாட்டில் 5தான். இருந்தும், அடிக்கடி பயணம் போகிறவர்கள் இணையத்தில் மனதாரச் சிபாரிசு செய்வது பெரும்பாலும் ஹயாட்டைத்தான்.

காரணம், பாயின்ட்டைச் செலவழிக்கும்போது தெரியும். எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்ற அட்டவணையையே மேரியட் 2022 மார்ச்சில் எடுத்துவிட்டது. இப்போது அறை வாடகை போலவே அதுவும் நாளுக்கு நாள் மாறுகிறது. வருடம் முழுக்கச் சேர்த்தவருக்குக் கையிருப்பு போதுமா என்பது புக் செய்ய உட்காரும்போதுதான் தெரியும். ஹயாட் அட்டவணையை இன்னும் வெளியிடுகிறது. அங்கும் ஏற்றம் உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பழைய கணக்கிலேயே புக் செய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது.

அப்புறம் காலை உணவு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஹயாட்டில் குளோபலிஸ்ட் என்ற உயர் உறுப்பினர் நிலையை எட்ட வருடத்துக்கு 60 இரவு தங்க வேண்டும், கஷ்டம்தான். ஆனால் எட்டிவிட்டால், கிளப் லவுஞ்ச் (சலுகை விருந்தினருக்கான தனி ஓய்வறை) இல்லாத முழுச்சேவை ஹோட்டல்களில் அறைக்கு இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் வரை முழு டிஃபன் இலவசம். பான்வாயில் பிளாட்டினம் என்ற உயர் நிலைக்கு 50 இரவு போதும், ஆனால் சலுகை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். மேரியட்டின் சொகுசு பிராண்டான ரிட்ஸ்-கார்ல்டனில் பிளாட்டினத்துக்கு இலவச டிஃபன் கிடையாது. அதை செக்-இன் கவுன்ட்டரில் நின்று தெரிந்துகொள்கிறவர் அன்றிரவே ரிவ்யூ எழுதத்தான் செய்வார். பாயின்ட்டில் தங்கினாலும் ரிசார்ட் கட்டணம் (அறை வாடகைக்கு மேல் தனியாக வசூலிப்பது) கேட்கும் மேரியட் ஹோட்டல்கள் உண்டு. ஹயாட் அதைத் தள்ளுபடி செய்துவிடுகிறது.

ஸ்டார்வுட் என்ற ஹோட்டல் நிறுவனத்தை வாங்கிய பிறகு 2018ல் மேரியட் உறுப்பினர் கணக்குகளை இணைத்தபோது, பலருக்குப் பாயின்ட்டும் தங்கிய இரவுகளும் காணாமல் போயின. குறைகளைத் திரட்டவே உறுப்பினர்கள் தனி இணையதளம் நடத்தினார்கள். நெடுநாள் விசுவாசிகளிடமிருந்து கிளம்பிய கோபம் என்பதால்தான் அது அவ்வளவு தூரம் பரவியது.

சரி, எதை எடுப்பது? வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர் என்றால் பான்வாய்; போகிற ஊரில் ஹயாட் இல்லாவிட்டால் அதன் நல்ல விதிகளால் பயனில்லை. இந்தியாவில் 2023 முதல் எச்.டி.எஃப்.சி. வங்கியின் பான்வாய் கார்டும் இருக்கிறது. வருடத்துக்கு ஓரிரு முறை, பெரிய நகரங்களுக்குத் திட்டமிட்டுப் போகிறவர் ஹயாட்டில் சேர்க்கலாம். எதுவானாலும் பாயின்ட்டை வருடக்கணக்கில் பதுக்கி வைக்காதீர்கள்.