“உண்மை அளவு” மாதிரி ரயில்: 22 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாதிரி ரயில் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். இலங்கை ரயில்வேயின் எம்2 டீசல் இன்ஜினின் மாதிரி, இரண்டு பெட்டிகள், தண்டவாளம் அடங்கிய தொகுதி ஒன்று, “1:76 அளவில், மில்லிமீற்றர் பிசகாத இலங்கை ரயில்” என்ற விளம்பரத்துடன் இணையவழியாக விற்கப்படுகிறது. 1:76 என்றால் உண்மையான ரயிலின் 76 மில்லிமீற்றர் மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் ஆகும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது.

நுண்ணிய அளவெடுக்கும் வேணியர் இடுக்கியை எடுத்துத் தண்டவாளங்களின் உட்பக்க இடைவெளியை அளந்தேன். 16.5 மில்லிமீற்றர்! நம் நாட்டுப் பாதையின் அகலம் ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். 1:76 அளவில் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்பதால் அது 22 மில்லிமீற்றராக வந்திருக்க வேண்டும். ஐந்தரை அடி உயரமான ஆள் நம் தண்டவாளங்களுக்கு இடையே குறுக்காகப் படுத்தால் சரியாக அடங்குவார். என்னிடமுள்ள 22 மில்லிமீற்றர் பொம்மை மனிதரை இந்தப் பாதையில் படுக்க வைத்தேன். தலை ஒரு தண்டவாளத்தின் மேல், கால்கள் மற்றதற்கு வெளியே.

16.5 என்பது, பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் உள்ள 1435 மில்லிமீற்றர் பாதையை 1:87 அளவில் சிறிதாக்கினால் வரும் இடைவெளி. பிரித்தானிய இன்ஜின்கள் உருவில் சிறியவை. அவற்றை 1:87 அளவில் செய்தபோது அந்தக் கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே மாதிரி செய்தவர்கள் உடலை மட்டும் 1:76 ஆகப் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டார்கள். இது எல்லோரும் அறிந்த சமரசம், அதில் எனக்குக் குறையில்லை. அதையும் பொறுக்காமல், தங்கள் பாதைக்கு 1:76 அளவில் சரியாக வரும் 18.83 மில்லிமீற்றராகத் தாமே அமைத்துக்கொள்ளும் பிரித்தானியர்களும் உண்டு. தடித்த சில்லு, உயர்ந்த தண்டவாளம், உண்மையில் எந்த ரயிலும் திரும்ப முடியாத வளைவு ஆகியவற்றையும் நான் மன்னித்துவிடுவேன், மேசையின் அகலம் அவ்வளவுதானே. ஆனால் சமரசத்தைத் துல்லியம் என்று பெயர் மாற்றி, அந்தப் பெயருக்குத் தனி விலையும் வாங்குவது மோசடி.

பெட்டிகளின் கதை இன்னும் மோசம். இன்ஜினுக்குப் பின்னால் கோத்தால் கூரை தாழ்ந்து நிற்கிறது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்க வார்ப்பிலேயே 1:87 என்று இருக்கிறது. ஐரோப்பியப் பெட்டிக்கு நம் ரயிலின் நிறத்தைப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கனடாவில் செய்யப்பட்டு 1954 முதல் இங்கே வந்த எம்2 இன்ஜின், கல்லோயாச் சந்தியில் திரும்பி மட்டக்களப்புக்கு வரும் காட்சியை அமைக்க நினைத்தவனுக்கு இந்தப் பெட்டிகளால் என்ன பயன்?

விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, “தம்பி, தண்டவாளம் உலகம் முழுக்க ஒரே அளவுதான். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கணக்கா?” என்றார். பாதை அகலம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதுகூடத் தெரியாதவரா, தெரிந்தும் சொன்னாரா? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்.

22 மில்லிமீற்றர் பாதையைப் பெரும்பாலும் கையால்தான் அமைக்க வேண்டும். ஆயத்தமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தண்டவாளங்களுக்கு இடையே இடுக்கியை வைத்து எடுத்த படத்தையும், பெட்டியின் அடிப்பக்கப் படத்தையும் முதலில் கேளுங்கள். அதே தொகுதி இப்போது புதிய படங்களுடன் மறுபடியும் விளம்பரத்தில் இருக்கிறது. எல்லாப் படங்களும் பக்கவாட்டிலிருந்து எடுத்தவை. ஒன்றில்கூடப் பாதையின் அகலம் தெரியவில்லை.