ஏ ஃபார் ஆப்பிளா, சொல் அட்டையா, ஒலி கூட்டுவதா?

எல்கேஜி பிள்ளை ‘ஸீ, ஏ, டீ’ என்று மூன்று எழுத்தையும் தட்டாமல் சொல்லும். சேர்த்துப் படி என்றால் விழிக்கும். குறை பிள்ளையிடம் இல்லை. எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு. ‘ஸீ ஏ டீ’யை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பூனை வராது. சென்னைப் பள்ளிகளிலும் டியூஷன்களிலும் ஆங்கிலம் படிக்கச் சொல்லித்தர இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, நாம் எல்லோரும் படித்த ஏ ஃபார் ஆப்பிள். வீட்டில் யாரும் சொல்லித்தரலாம், செலவும் இல்லை. ஆனால் டபிள்யூ என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே கிடையாது. சுவரில் மாட்டும் சார்ட்டும் காலை வாரும். ஐ-க்கு ஐஸ்க்ரீம் படம் போட்டிருப்பார்கள். பிள்ளை முதலில் படிக்கப்போகும் பின், டின் போன்ற சொற்களிலோ அது ‘இ’. அங்கே ‘இங்க்’ படம்தான் வேண்டும். எக்ஸுக்கு ஸைலஃபோனும் ஆகாது. பாக்ஸ், ஃபாக்ஸ் என்று கடைசியில் ஒலிக்கும் சொல்லைக் காட்டுங்கள். எழுத்துகளின் பெயர் ஸ்பெல்லிங் சொல்லும் வயதில் தேவைப்படும். ஒலி பதிந்த பிறகு அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இரண்டாவது, முழுச்சொல் அட்டை: சொல்லை முழுதாக அட்டையில் எழுதிக் காட்டி, பார்த்ததும் சொல்ல வைப்பது. பலன் சீக்கிரம் கண்ணில் படும், அதனால் பெற்றோருக்குப் பிடிக்கும். பிள்ளை மனதில் வைத்திருப்பதோ சொல்லின் தோற்றத்தை. சோதிப்பது எளிது: தெரிந்த ‘பின்’னில் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி ‘பிட்’ என்று எழுதிக் காட்டுங்கள். அப்போதும் ‘பின்’ என்றே சொன்னால் அது படிக்கவில்லை, ஊகிக்கிறது. தி (the), வாஸ் (was), ஸெட் (said) போல எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத சில சொற்களுக்கு மட்டும் அட்டையை வைத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு இரண்டு.

மூன்றாவது, ஒலிகளைக் கூட்டிப் படிக்கும் போனிக்ஸ். எங்கள் தேர்வு இதுதான். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி சுமார் 44. ஜாலி போனிக்ஸ் என்ற பாடத்திட்டம் 42 ஒலிகளை ஏழு தொகுப்பாகப் பிரித்து, எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் என்ற ஆறில் தொடங்குகிறது. இந்த ஆறும் பிடிபட்டதுமே டின், பின், டிப், ஸிட், ஸ்பின் எல்லாம் படிக்கலாம். அகரவரிசையில் போனால் டீ வருவது இருபதாவதாக! வாரம் மூன்று ஒலி, நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பெரிய எழுத்துக்கு முன்பே சின்ன எழுத்தைக் காட்டுங்கள். கதைப் புத்தகம் முழுக்க அதுதான்.

பெரும்பாலும் கெடுவது ஒலியைச் சொல்லும் இடத்தில். ‘ப, இ, ன’ என்று ஒவ்வொன்றிலும் அகரத்தை ஒட்டினால் ‘பஇன’ ஆகுமே தவிர ‘பின்’ ஆகாது. தமிழில் இதற்கென்றே புள்ளி இருக்கிறது. ப், ன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நாம் மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று ஓதிப் பழகியதால் முன்னால் ஓர் ‘இ’ ஒட்டிக்கொள்ளும். அதையும் விட வேண்டும். இழுக்க வருகிற ஸ், ம், ன் ஆகியவற்றில் தொடங்குங்கள்: ‘ஸ்ஸ்ஸ்’. ‘ப்’புக்கு உதட்டை மூடிக் காற்றை மட்டும் வெடிக்க விட வேண்டும், வாயருகே கை வைத்தால் காற்று படும், தொண்டை அதிராது. ‘பல்’, ‘பல்பு’ இரண்டையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே ‘ப’வால் நாம் எழுதும் இரண்டு ஒலிகள் பிள்ளைக்கு அங்கேயே பிரிபடும்.

கூட்டிப் படிக்க மூன்று தண்ணீர் பாட்டில் மூடிகள் போதும். புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். ஓர் ஒலிக்கு ஒரு மூடியை முன்னால் தள்ள வேண்டும்: ப், இ, ன். பிறகு இடமிருந்து வலமாக விரலை ஒரே இழுப்பாக இழுத்து ‘பின்’. முதல் இரண்டு வாரம் எழுத்தே வேண்டாம், காது பழகட்டும், அதுவும் தமிழில்: ‘கல்’லில் முதல் ஒலியை எடுத்துவிட்டு ‘ப்’ வைத்தால்? இந்தக் காதுப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் அப்படியே உதவும்.

ஆங்கிலப் பூனையையும் வாசல் கேட்டையும் நாம் ஒன்றாகவே ‘கேட்’ என்று எழுதுகிறோம். பூனைக்கு வாயை இன்னும் அகலத் திறந்து, ‘ஏ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவில் குறுக்கிச் சொல்ல வேண்டும். பஸ்ஸு, கப்பு, யெக்கு என்பதைப் பேச்சில் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மூடி தள்ளும்போது மட்டும் ‘கப்’போடு நிறுத்தச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துக்கும் இதே கணக்கு. 247 எழுத்தையும் ஒப்பிப்பதைவிட ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் காட்டினால் படம், பட்டம், மடம், மட்டம் உடனே வரும். அ, ஆ-வின் சுழியைவிட ட, ப-வின் நேர்கோடு சின்னக் கைக்கும் எளிது.

போனிக்ஸ் படிக்க வைக்கும், பொருள் தராது. சொல்வளத்துக்குப் பட அட்டையைவிடப் பேச்சும் கதையும் பல மடங்கு மேல். இக்லூ (பனிக்கட்டி வீடு) அட்டையைக் காட்டிப் பெயர் கேட்டால் பிள்ளை சொல்லும், ஆனால் அதை வைத்து ஒரு வாக்கியம் பேசாது. அடுக்களையில் உட்கார வையுங்கள்: கீரையை ஆய்கிறோம், பூண்டை உரிக்கிறோம், தேங்காயைத் துருவுகிறோம். கை செய்யும் வேலையோடு வந்த சொல் மறக்காது. ஒரு சொல்லுக்குத் தமிழில் பொருள் தெரிந்தால் ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியது பெயர் மட்டுமே.

கதையை ஒரே வாரத்தில் மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை நிறுத்தாமல். இரண்டாம் முறை மூன்று சொல்லுக்கு மட்டும் நடித்துக் காட்டிப் பொருள் சொல்லுங்கள். மூன்றாம் முறை அந்த இடம் வரும்போது நிறுத்தினால் பிள்ளையே சொல்லும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. செல்போன் ஆப் கடைசிதான்; பிள்ளை படத்தைப் பார்த்தே சரியான பட்டனைத் தட்டிவிடும்.

போனிக்ஸ் வகுப்பில் சேர்க்கும் முன், டீச்சரை ‘பின்’னை ஒலி பிரித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ‘ப, இ, ன’ என்றால் வேறு வகுப்பு பாருங்கள். மாதக்கணக்கில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் யுகேஜி முடிவில் மூன்று ஒலியைக் கூட்ட வரவில்லையென்றால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் காது டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்து ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்காமல் போவதுண்டு.