சித்திர வகுப்பு: எல்லாருக்கும் ஒரே படமா, அவங்கவங்க விருப்பமா?

நம்மட மட்டக்களப்புப் பக்கம் சித்திர பாடம் எண்டா கனகாலமா ஒரே மாதிரித்தான், ரீச்சர் போட்ல ஒரு படத்தைக் கீறுவா, இல்லாட்டி 'திருவிழா' எண்டு தலைப்பை எழுதிப் போடுவா, முழு வகுப்பும் அதையே கீறும். மற்றது ஸ்டூடியோ முறை, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் கலை ரீச்சர்மார் வளர்த்தெடுத்தது, Teaching for Artistic Behavior எண்டதைச் சுருக்கி டாப் (TAB) எண்டு சொல்லுவாங்க. அதுல என்ன செய்யிறது, எதால செய்யிறது எல்லாத்தையும் புள்ளையே முடிவெடுக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்டும் இருக்கு, தலைப்பு ரீச்சர்ட, பொருள் புள்ளையிட விருப்பம். மூண்டையும் செய்து பார்த்துட்டு இப்ப தரம் 6ல இருந்து 9 வரைக்கும் நான் ஸ்டூடியோ முறைதான் நடத்துறன், அதால என்ட கதை அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

ஒரே பட முறையிட நன்மை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். புள்ளி போட லேசு, செலவு குறைவு, சத்தமில்ல. நடு முறை புதுசா தொடங்குற ஆளுக்கு நல்லம், ஆனா தலைப்பு நம்மட கையில இருக்கிற வரைக்கும் புள்ள ரீச்சருக்கு என்ன புடிக்கும் எண்டுதான் யோசிக்கும்.

ஸ்டூடியோ முறையில நடக்கிறதே வேற. மருதமுனைக் கைத்தறித் துணியில வெட்டி விழுந்த துண்டு கொஞ்சம் ஒரு பையில கிடந்தது, ஒரு புள்ள அதை எடுத்து நூல் நூலா உருவி, நீல நூலையெல்லாம் பசை பூசி ஒட்டி வாவித் தண்ணி ஆக்கிட்டு, மிச்ச நூலை முடிஞ்சு முடிஞ்சு மேல வலை போட்டிச்சு. ஆரும் சொல்லிக் குடுக்கல்ல. அதே வகுப்புல ஒருத்தன் கிழமைக்குக் கிழமை தென்னை, சூரியன், தோணி எண்டு ஒரே படம்தான் கீறுவான், கிட்டப் போய்ப் பார்த்தா தண்ணியில விழுற வெளிச்சத்தை மட்டும் ஒவ்வொரு தரமும் மாத்திக் கீறியிருக்கான். தலைப்புக் குடுத்திருந்தா அந்தப் பயிற்சி அவனுக்குக் கிடைச்சிருக்காது.

ஆனா உங்களுக்கு எது சரிவரும் எண்டு தீர்மானிக்கிறது இதெல்லாம் இல்ல, வேலை முடிய சாமானை எடுத்து ஒதுக்கி வைக்கிறதுதான். ஒரு பீரியட் 40 நிமிஷம். 5 நிமிஷம் நான் ஒண்டு செய்து காட்டுறது, 25 நிமிஷம் அவங்கட வேலை, மிச்சம் 10ம் கழுவித் துடைச்சு அடுக்க. இந்த 10 நிமிஷத்தைக் காப்பாத்த ஏலாட்டி ஸ்டூடியோ முறையே வேணாம், பிரஷ் காஞ்சு விறைச்சிடும், பேஸ்டல் காலுல மிதிபடும், கத்திரிக்கோல் காணாமப் போகும், அடுத்த பாட ரீச்சர் வாசல்ல வந்து நிப்பா. பெயிண்ட், களிமண் எண்டு ஒவ்வொரு சாமானுக்கும் வகுப்புல ஒரு மூலை இருக்கும், நான் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு தட்டு வெச்சு, அதுல கத்திரிக்கோல், பசை, ஸ்டேப்ளர் எல்லாத்திண்ட வடிவத்தையும் மார்க்கரால கீறி விட்டிருக்கன், வெறும் வடிவம் தெரிஞ்சா சாமான் குறையுது, தேடிப் போட்டுட்டுத்தான் வெளிய போகலாம். குழாய் தூரமெண்டா ரெண்டு வாளி வையுங்க, ஒண்டு கழுவ, மற்றது அலச, புள்ளைகளைக் குழாயடிக்கு ஓட விடாதீங்க. களிமண்ணை ஈரச் சாக்கால சுத்திப் பொலித்தீன் பேக்குல இறுக்கிக் கட்டினா அடுத்த கிழமைக்கும் பதமா இருக்கும். மாரி நேரம் நம்மட பக்கம் பெயிண்ட் லேசுல காயாது, ஈரத்தோட அடுக்கினா தாள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கும், கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பால தொங்க விடணும், அதுக்கும் இடமில்லாட்டி மழை விடும் வரைக்கும் பெயிண்ட் மூலையைப் பூட்டிடுங்க.

தரம் 10, 11 வேற கதை. தரம் 11 முடிய எழுதுற ஓ/எல் சோதனைக்காக, கண்ணுக்கு முன்னால வெச்ச பொருளைப் பார்த்து நேரத்துக்குள்ள கீறப் பழகணும், சிகிரியா, பொலன்னறுவை எண்டு கலை வரலாறும் படிக்கணும். அங்க நான் பழைய முறையைத்தான் கூடுதலா வெச்சிருக்கன், முழுசா விட்டுப் பார்க்கல்ல, அதால எது நல்லம் எண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன். 50 பேர் இருக்கிற வகுப்பும் நான் நடத்தினதில்ல.

தொடங்குறவங்க எல்லா மூலையையும் ஒரே நாள்ல திறக்காதீங்க. முதலாம் தவணைக்குப் பென்சிலும் பேஸ்டலும் போதும், ஒதுக்குற பழக்கம் புடிபட்ட பிறகு கொலாஜ் (துண்டு துண்டா ஒட்டிப் படம் ஆக்கிறது), மறுகா களிமண், பெயிண்ட் கடைசியில.